ஜப்பானிய உருஷிப் பெட்டிகள்: சேகரிப்பும் பேணலும்

முன்னுரை

பழம்பொருள் சேகரிப்பு என்றவுடன் நாணயம், அஞ்சல் தலை, செப்புத் திருமேனி முதலியனவே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. மரத்தாலான ஒரு சிறு பெட்டியையும் அதன்மேல் பூசப்பட்ட கரிய மெருகையும் அதில் தூவப்பட்ட பொற்றுகளையும் ஒரு நாட்டின் தலைசிறந்த கலைச்செல்வமாகப் போற்றும் மரபு நமக்குச் சற்றுப் புதிதே. ஜப்பானியரோ அத்தகைய பெட்டிகளுள் சிலவற்றைத் 'தேசியச் செல்வம்' என்னும் மிக உயர்ந்த வகைப்பாட்டில் வைத்துக் காத்து வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கியோத்தோ நகரின் தோஜி கோயில் வளாகத்தில், திங்கள்தோறும் 21ஆம் நாள் கூடும் பழம்பொருள் சந்தையில், எழுதுகருவிப் பெட்டி ஒன்றை நாம் வாங்கி வந்தோம். மூடியின்மேல் இலையுதிர்காலப் புற்கள் மெல்லிய பொற்கோடுகளாகத் தீட்டப்பெற்றிருந்தன. அதனை அலுவலக அறையின் சன்னலோரக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். ஓராண்டுக்குள் மூடியின் ஒரு மூலையில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றியது. வெயில் பட்ட பக்கம் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தது. தூசு என்று எண்ணி ஈரத்துணியால் துடைத்தோம். வெண்படலம் படிந்ததேயன்றிப் பழைய ஒளி மீளவில்லை. அறியாமையால் நேர்ந்த அவ்விழப்பே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாகும். உருஷிப் பெட்டி என்பது யாது, அஃது எவ்வாறு உருவாகின்றது, சேகரிக்க விரும்புவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், நம் தட்பவெப்பத்தில் அதனை எங்ஙனம் பேணுவது ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரக்கும் உருஷியும்

முதற்கண் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. இப்பொருள்களைத் தமிழில் 'அரக்குப் பெட்டி' என்று வழங்குவது உண்டு. அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின். வெப்பம் பட்டால் இளகும். தீப்பட்டால் எளிதில் எரியும். பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகை நாம் யாவரும் அறிந்ததே. வடமொழியின் 'லாக்ஷா' என்னும் சொல்லே பாரசீக, அரபு, போர்த்துகீசிய மொழிகளின் வழியே ஐரோப்பாவை அடைந்து, 'லாக்கர்' என்னும் ஆங்கிலச் சொல்லாயிற்று. ஐரோப்பியர் கீழ்த்திசையில் கண்ட பளபளப்பான பூச்சுகள் அனைத்தையும் அப்பெயராலேயே அழைத்தனர். எனவே பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

ஜப்பானியர் பயன்படுத்துவது பூச்சியின் பிசினன்று; உருஷி என்னும் மரத்தின் பால். அம்மரம் மாவும் முந்திரியும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் முன்னோர் மருந்துக்கும், வண்ணார் துணிகளில் குறியிடவும் பயன்படுத்திய சேராங்கொட்டையும் அக்குடும்பத்ததே. சேராங்கொட்டைச் சாறு மேனியில் பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாவது போலவே உருஷிப் பாலும் செய்யும். மலேசியக் காடுகளில் மரம் வெட்டுவோர் அஞ்சும் ரெங்காஸ் மரமும் இவற்றின் உறவே. இத்துணைக் கொடிய பாலே, இறுகிய பின் உணவுக் கலத்துக்கும் உகந்த தீங்கற்ற மேற்பரப்பாக மாறுகின்றது என்பது வியப்பிற்குரியது.

மரத்திலிருந்து பெட்டி வரை

உருஷி மரம் பால் எடுக்கும் நிலையை எட்டப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஜூன் முதல் அக்டோபர் வரை பட்டையில் கீறல்களிட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்ப்பர். ஒரு பருவம் முழுதும் உழைத்தாலும் ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 மில்லிலிட்டரே. அப்பருவ முடிவில் மரத்தை வெட்டிவிடுவது ஜப்பானில் பெருவழக்கு. வெட்டிய அடியிலிருந்து புதுத்தளிர் எழும். இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

உருஷி காய்வதில்லை; இறுகுகின்றது. மற்றப் பூச்சுகள் நீரோ கரைப்பானோ ஆவியாவதால் உலர்கின்றன. உருஷியிலோ லாக்கேஸ் என்னும் நொதி, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு பாலின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. அந்நொதி செயற்பட ஈரம் தேவை. ஆகவே பூசிய பொருளை வெயிலில் வைக்காமல், ஈரப்பதம் 70 முதல் 85 விழுக்காடும் வெப்பம் 20 முதல் 30 பாகை வரையும் உள்ள மர அறையில் வைப்பர். ஈரத்தில் இறுகிய இம்மேற்பரப்பு நீர், அமிலம், காரம் ஆகியவற்றை எளிதில் ஏற்பதில்லை.

பெட்டியின் உடல் பெரும்பாலும் ஹினோகி போன்ற இலேசான மரத்தால் ஆகியது. இணைப்புகளிலும் விளிம்புகளிலும் சணல் துணி ஒட்டி, மண்தூள் கலந்த உருஷியைப் பலமுறை பூசித் தேய்த்துச் சமன்செய்வர். அதன்மேல் நடுப்பூச்சும் மேற்பூச்சும் இடப்பெறும். ஒவ்வொரு பூச்சும் இறுகும் வரை காத்திருத்தல் வேண்டும். இஷிகாவா மாநிலத்தின் வாஜிமா நகரில் செய்யப்படும் கலங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட படிநிலைகளைக் கடந்தே முழுமை பெறுகின்றன. கறுப்பு நிறம் இரும்பு சேர்ப்பதால் உண்டாவது. செம்மை, சாதிலிங்கம் அல்லது செம்மண் நிறமியால் வருவது.

அணிசெய்யும் முறைகளுள் தலையாயது 'மகி-எ' ஆகும். 'தூவிய ஓவியம்' என்பது இச்சொல்லின் பொருள். மெல்லிய தூரிகையால் உருஷியைக் கொண்டே ஓவியம் தீட்டி, அது இறுகுமுன் சிறு குழாயிலிருந்து பொற்றுகளைத் தூவுவர். ஓவியம் மட்டமாக அமைவது ஹிரா மகி-எ. புடைத்து நிற்பது தாகா மகி-எ. தூவிய பின் மீண்டும் உருஷி பூசி, கரியால் தேய்த்துப் பொன்னை வெளிக்கொணர்வது தோகிதாஷி மகி-எ. இவையன்றிச் சிப்பியின் ஒளிர்பகுதியைப் பதிக்கும் ராதென், கூரிய கருவியால் கீறிப் பொன் நிரப்பும் சிங்கின், பேரிக்காய்த் தோல் போன்று பொற்புள்ளிகள் உள்ளிருந்து மின்னும் நஷிஜி முதலிய முறைகளும் உள.

பெட்டி வகைகள்

சேகரிப்பாளர் பெட்டியின் பெயரையும் பயனையும் அறிதல் இன்றியமையாதது. சுஸுரிபாகோ என்பது மைக்கல், தூரிகை, நீர்ச்சொட்டி ஆகியவற்றை வைக்கும் எழுதுகருவிப் பெட்டி. ஃபுபாகோ மடல்களை இட்டு அனுப்பும் நீண்ட பெட்டி. தெபாகோ ஒப்பனைப் பொருள்களுக்கும் கைப்பொருள்களுக்கும் உரியது. ஜூபாகோ அடுக்கடுக்காய் அமைந்த உணவுப் பெட்டி. புத்தாண்டு உணவை அதில் இட்டுப் பரிமாறும் வழக்கம் இன்றும் தொடர்கின்றது. இடைக்கச்சையில் தொங்கவிடும் சின்னஞ்சிறு அடுக்குப்பெட்டியாகிய இன்ரோ, நறும்புகைப் பொருளுக்குரிய சிறு செப்பாகிய கோகோ ஆகியவையும் சேகரிப்பாளரால் பெரிதும் விரும்பப்படுவன.

இவ்வகைகளின் உச்சங்களாகச் சில பெட்டிகள் விளங்குகின்றன. ஹொனாமி கோயெத்ஸு என்பார் (1558–1637) உருவாக்கிய 'படகுப்பாலம்' எழுதுகருவிப் பெட்டி, குன்றுபோல் உயர்ந்த மூடியும் அதன் குறுக்கே ஈயத்தகட்டாலான பாலமும் உடையது. ஒகாத்தா கோரின் (1658–1716) செய்த 'எட்டுப் பாலம்' பெட்டியில் சிப்பியால் ஐரிஸ் மலர்களும் ஈயத்தால் பாலப் பலகைகளும் அமைந்துள்ளன. 'இசேயின் கதைகள்' என்னும் பழைய ஜப்பானிய நூலின் ஒரு நிகழ்ச்சியே அதன் கரு. மலர்களும் பாலமும் மட்டுமே பெட்டியில் உள்ளன. மாந்தர் எவரும் இலர். கதையை அறிந்தவர் எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொள்வர். சொல்லாமல் விடுவதன் வாயிலாகப் பொருளுணர்த்தும் இம்முறை, இறைச்சியும் உள்ளுறையும் பயின்ற தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. இவ்விரு பெட்டிகளும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1639ஆம் ஆண்டில் ஷோகுன் தொகுகாவா இயேமித்ஸுவின் மகள் சியோஹிமேயின் திருமணத்துக்காகச் செய்யப்பெற்ற ஹத்ஸுனே சீர்வரிசைப் பொருள்களை நகோயாவின் தொகுகாவா கலைக்கூடம் காத்து வருகின்றது.

கடல் கடந்த பெட்டிகள்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானுக்கு வந்த போர்த்துகீசியர், தம் வழிபாட்டுக்கும் வாணிகத்துக்கும் ஏற்ற பேழைகளை ஜப்பானியக் கைவினைஞரிடம் செய்வித்தனர். சிப்பி மிகுதியாகப் பதிக்கப்பெற்ற இவை 'நன்பான்' வகை எனப்படும். நாகசாகி, மக்காவ், மலாக்கா, கோவா என்னும் துறைமுகங்களை இணைத்த கடல்வழியே இவை மேலைநாடு சென்றன. 1639இல் போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்ட பின் ஒல்லாந்தர் மட்டுமே ஐரோப்பியருள் வாணிக உரிமை பெற்றனர்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1630களைச் சேர்ந்த பெட்டி ஒன்று உள்ளது. கெஞ்சி கதையின் காட்சிகள் பொன்னால் தீட்டப்பெற்ற அதில் மரியா வான் டீமன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பத்தாவியாவில் 1636 முதல் 1645 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை ஆளுநராயிருந்த அந்தோனியோ வான் டீமனின் மனைவியாவார். அவ்வாளுநரின் காலத்திலேதான், 1641இல், மலாக்கா போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நம் வட்டார வரலாற்றின் ஏடு ஒன்று ஜப்பானியப் பெட்டியின்மேல் பெயராகப் பதிந்துள்ளது எனலாம்.

ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780இல் மறைந்தபோது தம் சேகரிப்பிலிருந்த 50 ஜப்பானியப் பெட்டிகளைத் தம் மகளாகிய பிரெஞ்சு அரசி மரீ ஆந்துவானெத்துக்கு விட்டுச் சென்றார். அரசி அவற்றோடு மேலும் பல சேர்த்தார். அரசியின் முடிவு நாம் அறிந்ததே. பெட்டிகளோ பெரும்பாலும் தப்பி, பிரான்சின் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

சோழமண்டலக் கடற்கரையின் பெயரால் 'கோரமண்டல்' என வழங்கும் பெருந்திரைகளும் இவ்வகையினவோ என ஐயுறுவோர் உளர். அவை சீனாவில் செய்யப்பட்டவை. சோழமண்டலத் துறைகளின் வழியே ஐரோப்பாவுக்கு ஏற்றப்பட்டமையால் அப்பெயர் பெற்றன. ஜப்பானியப் பெட்டிகளோடு அவற்றை மயங்குதல் கூடாது.

அறிந்து வாங்குதல்

சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியது, சந்தையில் உள்ளவை அனைத்தும் உருஷி அல்ல என்பதாகும். இருபதாம் நூற்றாண்டில் மரத்தூளைப் பிசினோடு சேர்த்து அச்சில் வார்த்த உடல்களும், நெகிழி உடல்களும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயால் ஆகிய பூச்சும், யுரேத்தேன் போன்ற செயற்கைப் பூச்சுகளும் பெருகின. ஜப்பானில் 1962இல் இயற்றப்பட்ட வீட்டுப் பொருள் தரக்குறிப்புச் சட்டத்தின்படி, உணவுக் கலங்களின் சீட்டில் உடற்பொருளும் பூச்சின் வகையும் குறிக்கப்பட வேண்டும். ஆயின் பழம்பெட்டிகளில் சீட்டு இராது. ஆகவே கண்ணும் கையுமே துணை.

முதலாவதாக எடையை நோக்க வேண்டும். மரவுடல் எதிர்பார்ப்பதைவிட இலேசாக இருக்கும், வார்ப்புடல் கனக்கும். வார்ப்பு உடல்களில் அச்சு பொருந்திய கோடு அடிவிளிம்பில் தென்படுவதுண்டு. இரண்டாவதாக, பொன்வேலையை உருப்பெருக்கியால் காண வேண்டும். அச்சடித்த ஓவியத்தில் கோடுகள் ஒரே தடிப்பாகவும் தட்டையாகவும் இருக்கும். கையால் செய்த மகி-எயில் கோட்டின் தொடக்கமும் முடிவும் வேறுபடும். துகள்கள் ஓரிடத்தில் செறிந்தும் ஓரிடத்தில் அருகியும் காணப்படும். மூன்றாவதாக, மூடியின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் ஆராய வேண்டும். சிறந்த பெட்டிகள் பலவற்றில் உட்புறமும் செழுமையாக அணிசெய்யப்பெற்றிருக்கும். நான்காவதாக, மூடி பொருந்தும் முறையைச் சோதித்தல் வேண்டும். நன்கு செய்த மூடி, உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேற, தானே தாழ்ந்து அமரும்.

பெட்டிக்கு ஒரு பெட்டியும் உண்டு. பவுலோனியா மரத்தாலான அவ்வுறைப்பெட்டியின் மூடியில் கலைஞர் தம் கையால் பெயரெழுதி முத்திரையிட்டிருப்பின் அது 'தோமோபாகோ' எனப்படும். அது மதிப்பைக் கூட்டும். எனினும் வேறொரு பொருளின் உறைப்பெட்டியில் இப்பெட்டியை வைத்து விற்பதும், பிற்காலத்தில் கையொப்பம் சேர்ப்பதும் நிகழ்வன. அளவு சரியாகப் பொருந்துகின்றதா, எழுதப்பட்ட பெயர் உள்ளிருக்கும் பொருளைக் குறிக்கின்றதா என்பவற்றை உறுதிசெய்து கொள்ளுதல் நலம். கையொப்பத்தை நம்பி வாங்குவதினும் வேலைப்பாட்டை நம்பி வாங்குவதே பாதுகாப்பானது.

தோஜி சந்தையில் நம் பெட்டியை விற்ற மூதாட்டி அதனை மஞ்சள் நிறத் துணியொன்றில் சுற்றித் தந்தார். அத்துணியை நாம் அப்போது பொருட்படுத்தவில்லை. 'உகோன்' எனப்படும் அது மஞ்சள் கிழங்கின் சாயம் தோய்த்த பருத்தித் துணி. பூச்சி அணுகாதிருக்கக் கலைப்பொருள்களை அதில் சுற்றி வைப்பது ஜப்பானியர் மரபு. மஞ்சளின் காப்பு நம் இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை அறியும்போது மகிழ்ச்சி உண்டாகின்றது. நாமோ அத்துணியைக் களைந்து பெட்டியைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தோம்.

பேணும் முறை

1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் இடம்பெற்ற ஜப்பானியக் கலைப்பொருள்களை ஏற்றிவந்த 'நீல்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், 1874 மார்ச்சில் இசு தீபகற்பத்தை ஒட்டிய கடலில் மூழ்கியது. ஓராண்டுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்து பின்னர் மீட்கப்பட்ட உருஷிப் பொருள்களுள் சில பெருஞ்சேதமின்றி இருந்தன. உப்புநீரைத் தாங்கிய பூச்சு, நம் அலமாரியில் ஓராண்டு தாங்காமற் போனது ஏன்?

விடை ஒளியிலும் வறட்சியிலும் உள்ளது. உருஷியின் பெரும்பகை புறவூதாக் கதிர். அது மேற்பரப்பின் பிணைப்புகளைச் சிதைத்துக் கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகளை உண்டாக்குகின்றது. அவ்வாறு சிதைந்த பரப்பு நீருக்கும் எதிர்நிற்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. நாம் ஈரத்துணியால் துடைத்தபோது வெண்படலம் தோன்றியமைக்கு இதுவே காரணம். நல்ல நிலையிலுள்ள உருஷிக்குத் தீங்கு செய்யாத நீர், வெயிலால் நலிந்த உருஷிக்குக் கேடாயிற்று. இரண்டாவது பகை ஈரப்பதத்தின் ஏற்றத்தாழ்வு. மரம் ஈரத்தை ஏற்று விரிந்தும் இழந்து சுருங்கியும் இயங்குவது. குளிரூட்டி பகலில் இயங்கி இரவில் நிறுத்தப்படும் அறையில், மரம் நாள்தோறும் சுருங்கி விரிகின்றது. மேலுள்ள பூச்சு அவ்வளவுக்கு இயங்காமையால் இணைப்புகளில் வெடிக்கின்றது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வெளிக்காற்றின் ஈரம் உருஷிக்குப் பகையன்று. அதற்கும் குளிரூட்டிய அறைக்கும் இடையிலான மாற்றமே பகையாகும்.

எனவே பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் தகும். பெட்டியை நேரடி வெயிலிலோ, மின்விளக்கின் அண்மையிலோ, குளிரூட்டியின் காற்று படும் இடத்திலோ வைத்தல் கூடாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியையே அனுமதிக்கின்றன. காட்சிக்கு வையாத காலத்தில் துணியில் சுற்றி உறைப்பெட்டியில் இடுதல் வேண்டும். பவுலோனியா மரம் ஈரத்தின் ஏற்றத்தாழ்வைத் தானே தணிக்கும் இயல்பினது. கையால் தொடுமுன் மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வியர்வைத் தடம் நலிந்த பரப்பில் நிலையாகப் பதிந்துவிடும் ஆதலின் பருத்திக் கையுறை நன்று. தூசியை மென்மையான தூரிகையால் தட்டுவதே போதும். எண்ணெய், மெழுகு, சாராயம், கண்ணாடி துடைக்கும் நீர்மம் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. வெடித்த இடத்தை வணிகப் பசையால் ஒட்டுவது பின்னர் வரும் செப்பனிடுவோர்க்கும் வழியடைத்துவிடும்.

முடிவுரை

நம் பெட்டியைச் செப்பனிட இயலுமா என்று பயிற்சி பெற்றவரிடம் வினவினோம். வெடிப்பை உருஷியாலேயே நிலைப்படுத்தலாம். மங்கிய கறுப்பை முழுமையாக மீட்க இயலாது என்பது அவர் அளித்த விடை. செப்பனிடும் அவ்வேலைக்கும் மரப்பால் வேண்டும்; அதனைக் கீறி எடுப்பவர் வேண்டும்; பூசத் தெரிந்த கை வேண்டும். இங்குதான் சேகரிப்பு தனிமனிதர் விருப்பம் என்னும் எல்லையைக் கடக்கின்றது.

ஜப்பானில் பயன்படும் உருஷியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. தேசியச் செல்வங்களாகிய கட்டடங்களைச் செப்பனிட 2018ஆம் நிதியாண்டு முதல் உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்னும் நெறியை ஜப்பானியப் பண்பாட்டுத் துறை 2015இல் வகுத்தது. 2020இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட ஜப்பானிய மரக்கட்டடப் பாதுகாப்புக் கலைகளுள் உருஷி எடுத்தலும் இடம்பெற்றது. இவை நம்பிக்கை தருவன. ஆயினும் 2024 ஜனவரி 1ஆம் நாள் நோத்தோ தீபகற்பத்தைத் தாக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் வாஜிமாவின் பட்டறைகள் பலவற்றை அழித்தது. காலைச்சந்தைப் பகுதி தீக்கிரையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளமும் அந்நகரைத் தாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கருவிகளையும் முடிவுறாத கலங்களையும் கைவினைஞர் பலர் இழந்தனர்.

இந்நிலையில் பழைய பெட்டி ஒன்றை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் என்பதைவிட அதன் காவலர் என்பதே பொருந்தும். நூறாண்டுகள் பலர் கைகளில் பழுதின்றி வந்த ஒரு பொருள் நம் கையில் ஓராண்டில் பழுதுற்றது. வாங்கும் ஆற்றலுக்கு முன் பேணும் அறிவு வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். அப்பெட்டி இப்போது மஞ்சள் துணியில் சுற்றப்பட்டு, இருண்ட அலமாரியின் உள்ளே உள்ளது. ஆண்டில் சில நாள்களே அதனை வெளியே எடுத்துப் பார்க்கின்றோம். மூலையிலுள்ள வெடிப்பை மறைக்காமல், காண வரும் மாணவர்க்கும் காட்டுகின்றோம்.